பழைய சாவியை எடுக்காமல் வைத்திருந்த நான்கு நாட்கள்

நானும் என் கணவரும் ஒரே வீட்டில் இல்லாமல் இருந்த ஒன்றரை வருஷத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் தவறாமல் சந்தித்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள் யாரும் கூட்டி வைக்கவில்லை. எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆபீஸ் வேலைக்காகத்தான் சந்தித்தோம்.

விழுப்புரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனி சின்னது. பள்ளிக்கூடம், கிளினிக், ஜவுளிக்கடை என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களின் வெப்சைட் பெயர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. யாராவது போனில் ஒரு கிளினிக்கின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது என்று எங்கள் சர்வர் பதில் சொல்லும். வழியில் எவனாவது பொய்யான எண்ணைக் கொடுத்து வேறு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக, பதில்களோடு ஒரு கையெழுத்தும் போகும். அந்தக் கையெழுத்தைப் போட இரண்டு சாவிகள். சின்ன சாவி சர்வரிலேயே இருந்து தினமும் உழைக்கும். அந்தச் சின்ன சாவி எங்களுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டு உறுதி சொல்வது பெரிய சாவி.

பெரிய சாவி ஒரு பழைய லேப்டாப்பில், ஆபீஸ் லாக்கருக்குள் இருக்கும். அந்த லேப்டாப்புக்கு இன்டர்நெட் கிடையாது. வைஃபை பாகத்தையே கழற்றிப் போட்டுவிட்டோம். சாவியைத் திறக்க இரண்டு கார்டுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசிய எண். பெரிய சாவி போடும் கையெழுத்துக்கு ஆயுள் மூன்று மாதம். அதற்குள் உட்கார்ந்து அடுத்த மூன்று மாதத்துக்குப் போட்டுவிட வேண்டும். தேதி தாண்டினால், நாங்கள் சொல்லும் உண்மையான பதிலையும் உலகம் பொய் என்று தள்ளிவிடும். பக்கம் திறக்காது. அப்படி உட்காரும் நாளைச் சாவி நாள் என்போம்.

முதலில் ஒரு கார்டு என் கணவரிடமும் இன்னொன்று எங்கள் ஓனர் மேடத்திடமும் இருந்தன. என்னிடம் கார்டு வந்தது அப்பாவால்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு திண்டிவனம் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பியவர் வாசலில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் சரிந்துவிட்டார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: டிக்கெட். தண்ணீர் வேண்டும் என்றாலும் டிக்கெட், ஃபேனை நிறுத்து என்றாலும் டிக்கெட். ராகத்தை வைத்துத்தான் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் கணவரிடம் சொல்லித்தான் திண்டிவனத்துக்குப் போனேன். பத்து நாள் ரெண்டு மாதமாயிற்று. வேலையை வீட்டிலிருந்தே பார்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. விழுப்புரம் வீட்டில் அவர் ஒற்றையாளாக ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் போனில், "உங்கப்பாவுக்கு நீ ஒருத்திதான் பொறந்தியா? துபாய்ல இருக்கறவன் புள்ள இல்லையா?" என்று கேட்டார். என் தம்பியைத்தான் சொன்னார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் அப்பாவின் வாயிலிருந்து வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "வெச்சிடுங்க" என்றேன். வைத்துவிட்டார். அவரும் திரும்பக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பிரிய வேண்டும் என்று இருவரில் ஒருவரும் நினைக்கவில்லை. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் மாதங்கள் போய்விட்டன.

அந்தச் சமயத்தில்தான் ஓனர் மேடம் தன் கார்டை எனக்கு மாற்றிக் கொடுத்தார். "ரெண்டு கார்டும் ஒரே ஊர்ல இருக்கறது சரியில்ல. தீ, வெள்ளம்னு ஏதாச்சும் வந்தா? ஒண்ணு திண்டிவனத்துல இருக்கட்டும்" என்றார். வேறு ஏதாவது நினைத்துக்கொண்டு செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

சாவி நாளில் பாஸஞ்சர் ரயிலில் போவேன். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்வார். ஆபீஸின் பின்னறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். செக் லிஸ்ட்டை அவர் படிப்பார்.

"ஏழாவது. ரெண்டாவது கார்டைப் போடணும்."

"போட்டாச்சு."

"எட்டாவது. நம்பர் அடிக்கணும்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் அடிப்பேன். "அடிச்சாச்சு."

கடைசியில் இருவரும் தாளில் கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு. ஒரு தடவை அவர் சட்டையில் நடுப்பொத்தான் இல்லாமல் ஊக்குப் போட்டிருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்த தடவை, வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, ஒரு பொட்டலத்தில் கட்டி நான் உட்காரும் பக்கம் வைத்திருந்தார். அதை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ரயிலில் திரும்பும்போது வாசனை கையிலேயே இருந்த மாதிரி தோன்றி, முழு வழியும் எரிச்சலாக இருந்தது.

கையெழுத்துக்கு ஆயுள் இருப்பது போலச் சாவிக்கும் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு ஒருமுறை பெரிய சாவியையே மாற்ற வேண்டும். மாற்றுவதில் கஷ்டமான வேலை காத்திருப்பதுதான். புதுச் சாவியை உண்டாக்கிப் பழையதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஊர் உலகத்துக்கு அது தெரியும்வரை பொறுக்க வேண்டும். பிறகு எங்களுக்கு மேலே இருக்கும் பதிவேட்டில், பழைய சாவியின் ரேகையை, அதாவது அதன் அடையாளக் குறியை, எடுத்துவிட்டுப் புதுச் சாவியின் ரேகையைப் பதியச் சொல்ல வேண்டும். அது பதிவான பிறகும் பழைய சாவியைத் தொடக்கூடாது. பழைய ரேகையை முன்பே கேட்டு வாங்கி நினைவில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் எங்கெங்கோ இருக்கும். ஒரு நாள் போனால் அவை மறந்துவிடும். அதற்குள் பழைய சாவியை எடுத்தால் அவர்களுக்கெல்லாம் பக்கம் திறக்காது.

முன்பு ஒருமுறை இப்படி மாற்றியபோது நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கார்டுகள் அவருடையதும் மேடத்துடையதும். நான் சாட்சி. ரேகை மாறியது காலையில். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே, "ஜல்தியா முடிச்சிட்டுப் போலாம், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று மேடத்தையும் அவசரப்படுத்தி என் கணவர் பழைய சாவியை எடுத்துவிட்டார். ஒரு ஸ்கேன் சென்டரின் பக்கம் பாதிப் பேருக்கு ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. கர்ப்பிணிப் பெண்கள் கோலியனூரிலிருந்தும் அங்கிருந்தும் இங்கிருந்தும் கிளம்பி வந்து, நேரம் பதிவாகவில்லை என்று வாசலில் நின்றார்கள். மேடம் அவரைத் திட்டினார். என்னையும்தான் திட்டியிருக்க வேண்டும். காத்திரு என்ற வரிக்கு நேராக டிக் போட்டது நான்.

போன வருஷம் மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. செப்டம்பர் சாவி நாளில் புதுச் சாவியை உண்டாக்கிப் பழையதன் பக்கத்தில் வைத்தோம். நவம்பர் முடியும்போது ரேகையை மாற்றி, இரண்டு சாவிகளுக்கும் கையெழுத்தைப் புதுப்பித்து, பொறுத்திருந்து பழையதை எடுப்பதாகத் திட்டம். நவம்பர் கடைசி வாரத்தில் போயிருக்க வேண்டியவள் நான். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதால், அடுத்த வாரம் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கையெழுத்து முடிவது புதன் காலை ஐந்தரை மணிக்கு. எங்கள் கணக்கெல்லாம் லண்டன் நேரம். அங்கே நடுராத்திரி என்றால் இங்கே பால் வாங்கும் நேரம். ஒன்றரை நாள் மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பிடித்த மழை விடவில்லை. திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். பஸ்ஸும் இல்லை. கரண்டும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே விடிந்தது. போனில் இருந்த கொஞ்சம் சார்ஜில் அவரைக் கூப்பிட்டேன். ஆபீஸ் விஷயமாகத்தான் கூப்பிட்டேன்.

"இன்னிக்கும் வர முடியாதுங்க. அப்பாவ விட்டுட்டு எப்படி வர்றதுன்னும் தெரியல. எல்லாம் என்னாலதான்."

"நீ வராத. நான் வர்றேன்."

"எப்படி வருவீங்க? ரோட்ல வண்டியே ஓடலன்றாங்க."

"மேடம் கிட்ட கேட்டுட்டேன். லேப்டாப்ப எடுத்துக்கினு வர்றேன். நீ கார்ட மட்டும் ரெடியா வை."

அதற்குப் பிறகு அவர் போன் அணைந்துவிட்டது. காலை ஏழு மணி அப்போது. மத்தியானம் வரைக்கும் நான் கையெழுத்தைப் பற்றித்தான் பயந்தேன். இரண்டு மணிக்குப் பிறகு கையெழுத்து மறந்துபோயிற்று. ஓடை, ஏரி, மதகு என்று வழியில் இருக்கும் ஒவ்வொரு தண்ணீராக நினைவுக்கு வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. அப்பா கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிக்கெட்?" என்றார், கேள்வி ராகத்தில். "மாப்ள வர்றாருப்பா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நாலரை மணி இருக்கும். தெருமுனையில் தலைமேல் அரிசிச் சாக்கோடு ஒரு ஆள் தண்ணீரை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. இடுப்புவரை சேறு. ஒரு காலில்தான் செருப்பு. விக்கிரவாண்டி வரை ஒரு பால் வண்டி, அங்கிருந்து நடை, பிறகு டிராக்டர், கூட்டேரிப்பட்டில் ஒரு லாரி, கடைசியில் மறுபடியும் நடை என்று பிற்பாடு சொன்னார். வாசலுக்கு வந்ததும் சாக்கை இறக்கி என் கையில் கொடுத்தார்.

"நனையல. நாலு கவர் போட்டிருக்கேன்."

"ஒரு செருப்பு எங்க?" என்றேன்.

"போச்சு."

உள்ளே அப்பா இடதுகையால் கொடியில் கிடந்த துண்டைக் காட்டி, "டிக்கெட்! டிக்கெட்!" என்று அதட்டினார். துவட்டிக்கொள்ளச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இவர் ஈரத்தோடு கட்டில் அருகே போய் நின்று, "பாஸ் இருக்கு மாமா. பாஸ்ல வந்தேன்" என்றார். அப்பா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த மாதிரி வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தோம். அதன் பேட்டரி கிழடு, பாதிதான் இருந்தது. அவர் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு செக் லிஸ்ட்டைப் படித்தார். என் கைவிரலில் ஈரம் என்று நினைத்து முந்தானையில் துடைத்துவிட்டு எண்ணை அடித்தேன். அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஜன்னல் இல்லை; சுவரில் தொங்கிய மாதா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்து விழுந்தது. பென்டிரைவில் எடுத்து என் ஆபீஸ் லேப்டாப்பில் போட்டேன். அதைச் சர்வருக்கு அனுப்ப வீட்டுக்குள் சிக்னல் இல்லை.

மொட்டைமாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால் மட்டும் ஒரு கோடு வந்தது. ஒரு கையில் லேப்டாப், மேலே அவர் பிடித்த குடை. குடை முழுக்க என் பக்கமும் மிஷின் பக்கமும்தான் இருந்தது; அவர் மறுபடியும் நனைந்தார். மூன்று தடவை அறுந்து நாலாவது தடவை போய்ச் சேர்ந்தது. புதுத் தேதி ஏறியிருக்கிறதா என்று வெளியே இருந்து கேட்டுப் பார்த்தேன். மார்ச் என்று காட்டியது.

"ஏறிடுச்சுங்க."

"சரி பாரு, இன்னொரு வாட்டி."

இன்னொரு வாட்டியும் பார்த்தேன். அப்போதே ஒரு மெயிலும் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய வேண்டுகோளின்படி, எங்கள் பெயர்களில் கடைசிப் பெயருக்கும் புது ரேகை அன்று காலை பதிவாகிவிட்டது. இனிப் பழைய சாவியை எடுப்பதுதான் பாக்கி. அதற்கும் இரண்டு கார்டும், அந்த லேப்டாப்பும் வேண்டும்.

"ஒரு நாள் விட்டு, நாளைக்குச் சாயந்திரம் எடுத்துடலாம்" என்றேன்.

அவர் குடையை மடக்கிக்கொண்டே, "ரெண்டு நாள் விடலாமே" என்றார். "மழை நேரம். எவன் எதை நெனப்புல வெச்சிக்கினு இருக்கானோ."

மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "சரிங்க" என்றேன்.

அந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை அப்பாவுக்குத் தாடி மழித்துவிட்டார். நான் செய்தால் தலையை ஆட்டி முரண்டு பிடிப்பவர், இவரிடம் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் இவர், "அடுத்த ஸ்டாப் எது மாமா?" என்று கேட்பதும் அவர் "டிக்கெட்" என்பதுமாக ஒரு ரூட்டே ஓடி முடிந்தது. நனைந்த படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டார். கேஸ் தீரப் போகிறதே என்று நான் அளந்து சமைத்தேன். கேப்பை அடையும் வெங்காயச் சட்னியும். இரண்டு அடை தின்றுவிட்டு மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார். கேட்காமலே போட்டேன்.

வியாழக்கிழமை கரண்ட் வந்ததும் ஓனர் மேடம் போன் செய்தார். இன்னுமா பழைய சாவி இருக்கிறது என்று கேட்டிருப்பார் போல.

"அவசரப்பட்டா பேஜாரு ஆயிடும் மேடம்" என்று இவர் சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்று சாயந்திரம் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "அன்னிக்குப் போன்ல உங்கப்பாவப் பத்தி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"பால் பொங்குது, தள்ளுங்க" என்றேன். பால் பொங்கவில்லை. அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ள எனக்கு அப்போது தெம்பில்லை. அவர் தள்ளி நின்றார். போய்விடவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஓடத் தொடங்கியது. இரண்டு நாள் என்றது மூன்றாகிவிட்டிருந்தது. இன்றைக்கு எடுத்துவிடலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் அப்பா தூங்கும்போது என் கணவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"நானும் கூப்பிட்டிருக்கணும்" என்றேன். "நீங்க கேட்டது தப்புதான். ஆனா அதுக்கு ஒன்றரை வருஷமா?"

"நீ கூப்புடுவேன்னு நெனச்சேன்."

"நீங்க கூப்புடுவீங்கன்னு நான் நெனச்சேன்."

"அங்க வீட்ல ராத்திரி நீ பாக்கற சீரியல் சத்தம் இல்லாம தூக்கமே வர்ல" என்றார். "நான் பாக்கமாட்டேன். சும்மா போட்டு வெச்சிக்கினு படுப்பேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டேன். துவைத்த வேட்டியின் சோப்பு வாசனை அடித்தது.

சனிக்கிழமை காலையில் பழைய சாவியை எடுத்தோம். இம்முறை நான் படித்தேன், அவர் செய்தார். காத்திரு என்ற வரியில் டிக் போடுவதற்கு முன் அவரைப் பார்த்தேன். "போடு, போடு. நாலு நாளாச்சு" என்றார். எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. ஸ்கேன் சென்டரின் பக்கத்தை மட்டும் அவர் தன் போனில், என் போனில், பக்கத்து வீட்டு அக்கா போனில் என்று மூன்றிலும் திறந்து பார்த்தார்.

மத்தியான பஸ்ஸில் லேப்டாப்போடு விழுப்புரம் போனார். அதை லாக்கரில் வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்து, வாரத்தில் நாலு நாள் திண்டிவனத்திலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கிறார். மேடம் உடனே சம்மதித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"எல்லாம் சந்தோஷம்தாம்மா. ஆனா ரெண்டு கார்டும் ஒரே வீட்ல இருக்கக் கூடாதே. ஒண்ணத் திருப்பிக் குடுக்கணும். யாரு குடுக்கறீங்க?"

"என்னுதுதான் மேடம்" என்றேன். யோசிக்கவே இல்லை. அதற்கு முன்பு அந்தக் கார்டைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கிய ராத்திரிகள் உண்டு.

ஜனவரியில் ஒருநாள் போய் அதை ஒப்படைத்தேன். வானூரிலிருந்து ஆபீசுக்கு வந்து போகும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். என் எண்ணை அழித்து அவள் எண்ணைப் பதித்தபோது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிப்ரவரியில் விழுப்புரம் வாடகை வீட்டைக் காலி செய்தோம். சாமான் அதிகம் இல்லை. ஒரு குட்டியானை லோடு வண்டியில் அடங்கிவிட்டது. பீரோவைக் கட்டிய கயிறு சரியில்லை போலிருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் ஒரு கதவு திறந்துகொண்டு, என் பழைய புடவை ஒன்று காற்றில் பறந்து பின்னால் வந்த பைக்காரரின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, மெதுவாகத்தான் வந்தார். வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினோம். அவர் புடவையைச் சுருட்டி என் கணவரிடம் கொடுத்தபடி, "ஏங்க, வீட்ட உட்டுப் போற அளவுக்கு இம்மாம் கோவமா?" என்றார்.

"இல்லீங்க," என்று இவர் மூச்சு வாங்கச் சொன்னார், "வீட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கோம்." அந்தப் புடவையாலேயே பீரோவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டோம். அவர் ஒரு முனையை இழுத்தார், நான் ஒரு முனையை.